கூண்டுத் தட்டில் எதை விரிப்பது? சேலத்திலும் ஏற்காட்டிலும் பறவை வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் காக்டெயில் கிளி ஒன்று, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தது. தீனி தின்றது. ஆனால் காலையில் அடிக்கும் சீழ்க்கை நின்றுவிட்டது. எங்கள் வீடு ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கம். அந்த மாதம் முழுக்கச் சுவரெல்லாம் ஈரம். கூண்டோடு டாக்டரிடம் எடுத்துப் போனேன். அவர் பறவையைத் தொடுவதற்கு முன்னால் அடித்தட்டை இழுத்துப் பார்த்தார். மேலே மக்காச்சோளத் தக்கைத் துண்டுகள் காய்ந்துதான் இருந்தன. பேனாவால் கிளறினார், அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

"இதை எப்பங்க கடைசியா மாத்துனீங்க?"

பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டு வாரம் தாங்கும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். பறவை பிழைத்தது, ஆனால் மூன்று மாதம் மருந்து. தினமும் இரண்டு வேளை அதைத் துண்டில் சுற்றிப் பிடித்து வாயில் சொட்டு விட்டோம். அந்த மூன்று மாதத்தில்தான் தட்டில் விரிப்பதைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்பு, நாற்றம் வரக் கூடாது, ஈரத்தை உறிஞ்ச வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறேன். இப்போது ஒரு பொருளைப் பார்த்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை விரித்தால் நேற்று விழுந்த எச்சம் இன்று காலை என் கண்ணுக்குத் தெரியுமா? பறவை தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். அதன் எச்சத்தால் மறைக்க முடியாது. அதை நாமே மூடி வைக்கக் கூடாது.

பறவையின் மூச்சு

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நுரையீரல் விரிந்து சுருங்காது. அதோடு இணைந்த காற்றுப்பைகள்தான் துருத்தி மாதிரி காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு இப்படி ஒன்பது பைகள் இருக்கின்றன. உள்ளே போன தூசியை நம்மைப் போல இருமி வெளியே தள்ளவும் அவற்றால் முடியாது. காற்றுப்பைகளில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே பூஞ்சை ஒட்டிக்கொண்டால் உடம்பின் எதிர்ப்பும் மருந்தும் போய்ச் சேரத் தாமதமாகும். என் காக்டெயிலுக்கு மூன்று மாதம் ஆனதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ். இது எங்கிருந்தோ வருவதல்ல, எல்லா வீட்டுக் காற்றிலும் அதன் வித்துகள் மிதக்கின்றன. ஈரமும் இருட்டும், மக்கும் பொருளும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது பெருகும். தட்டில் ஒரு அங்குலத்துக்குத் தக்கையைக் கொட்டி, மேலே தண்ணீர்க் கிண்ணமும் வைத்துவிட்டால் இந்த மூன்றும் கிடைத்துவிடும்.

பறவையின் எடையையும் நினைத்துப் பாருங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜி முப்பது, நாற்பது கிராம். காக்டெயில் எண்பதிலிருந்து நூறு. ஜீப்ரா பின்ச் என்ற சின்னக் குருவி பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். நமக்கு மூக்கு லேசாக அரிக்கிற தூசி அதற்கு எவ்வளவு பெரிய சுமை என்று இதிலிருந்தே தெரியும்.

(நான் இங்கே சொல்வதெல்லாம் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள வெளிநாட்டு இனங்களுக்கு. நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் வயலில் பிடித்த சில்லைகளையும் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.)

முதல் படி: பொருளுக்கு முன்னால் கூண்டைப் பாருங்கள்

பறவைக்கும் தட்டுக்கும் நடுவில் கம்பி வலை இருக்கிறதா? இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எச்சம் வலை வழியாகக் கீழே விழும், பறவை அதில் நடக்காது, விரித்ததைக் கொத்தியும் தின்னாது. தட்டிலிருந்து வலை இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். பல கடைக் கூண்டுகளில் வலை தட்டோடு ஒட்டியே கிடக்கும். அப்படியென்றால் அலகு தாராளமாகக் கீழே போகும்.

வலை இல்லாவிட்டால் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது துத்தநாகம். புது ஜி.ஐ. வலையில் துத்தநாகப் பூச்சு சின்னச் சின்னச் சொட்டுகளாகவும் வெள்ளைப் பொடியாகவும் ஒட்டியிருக்கும். அலகால் கம்பியைப் பிடித்து ஏறும் பறவை அதைச் சுரண்டி விழுங்கினால் விஷம். வினிகரை ஊற்றி, கெட்டி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு மாட்டுங்கள். முடிந்தால் எவர்சில்வர் கம்பியே நல்லது. தட்டுக்கும் அதேதான். பெயின்ட் அடித்த தகரத் தட்டு ஒரு வருடத்தில் துருப்பிடித்து உரிய ஆரம்பிக்கும். எவர்சில்வர் தகடு வெட்டி, ஓரம் மடித்துத் தட்டு செய்து தரும் ஆட்களைச் சேலத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. இரும்பாலையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருட்டும் ஊர் இது. ஒரே அளவில் இரண்டு தட்டு செய்யச் சொல்லுங்கள். ஒன்று கூண்டில், ஒன்று வெயிலில்.

இரண்டாம் படி: எந்தப் பொருளையும் நான்கு சோதனையில் விடுங்கள்

கடையில் யார் என்ன சொன்னாலும், பாக்கெட்டில் எந்தப் பறவையின் படம் இருந்தாலும், வீட்டில் செய்து பார்க்க இந்த நான்கு போதும்.

தூசிக்கு: கதவை மூடி அறையை இருட்டாக்குங்கள். டார்ச் வெளிச்சத்துக்கு நேராக ஒரு கைப்பிடியை ஒரு சாண் உயரத்திலிருந்து கறுப்புத் துணி மேல் விடுங்கள். வெளிச்சத்தில் புகை மாதிரி எழுந்தாலோ துணி வெளுத்தாலோ அது வேண்டாம். பறவை சிறகடிக்கும்போது தட்டிலிருந்து இதுதான் எழும்பும்.

வாசனைக்கு: ஒரு கண்ணாடி ஜாடியில் பாதி நிரப்பி, மூடி, வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். காட்டமான மர வாசனை, பிசின் வாசனை, சென்ட், மண்ணெண்ணெய், பழைய மூட்டையின் முடை நாற்றம், எது வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

ஈரத்துக்கு: ஒரு கிண்ணத்தில் இரண்டு அங்குலம் போட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, சமையலறை மூலையில் இரண்டு நாள் விடுங்கள். மேலே காய்ந்து, விரலை விட்டால் அடியில் ஈரமாக இருந்தால் அது தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும் பொருள். எனக்கு மிக முக்கியமான சோதனை இது. மேலே காய்ந்திருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

விழுங்குவதற்கு: பறவையின் தீனி அளவுக்குத் துண்டுகள் இருக்கின்றனவா? தினையோடு கலந்து விழுந்தால் பறவைக்கு வித்தியாசம் தெரியுமா? அது வயிற்றில் ஊதுமா, கட்டியாகுமா? சந்தேகம் வந்தால் வலை போட்ட கூண்டில்கூட வேண்டாம்.

மூன்றாம் படி: நம் ஊரில் கைக்கு எட்டுபவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மரத்தூளில் தொடங்குகிறேன், கேட்டவுடன் எல்லோரும் சொல்வது அதுதான். மரவாடியில் ஒரு சாக்கு சும்மாவே கிடைக்கும். ஆனால் அந்தச் சாக்கில் என்ன மரம் என்று அறுப்பவருக்கே தெரியாது. காலையில் தேக்கு, மதியம் வேம்பு, சாயங்காலம் பிளைவுட், எல்லாத் தூளும் ஒரே குவியலில் விழும். பிளைவுட்டில் பசையும் ஃபார்மால்டிஹைடும் இருக்கும். கரையான் மருந்து அடித்த பழைய கதவும் அதே ரம்பத்தில்தான் அறுபடும். தேக்குத் தூள் மனிதருக்கே தோலிலும் மூக்கிலும் எரிச்சல் தரும். ஏற்காட்டில் காபிக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக்கும் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும் மரம்தான். நான் மரத்தூளை முழுக்க விட்டுவிட்டேன்.

இழைப்புச் சுருள் அதைவிடத் தூசி குறைவு. ஆனால் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் பைன், சில சமயம் சீடர். சீடரைத் தொடவே தொடாதீர்கள். பூச்சியை விரட்டும் அதே வாசனை எண்ணெய்தான் பறவையின் மூச்சுக் குழாயையும் எரிக்கும். சூட்டில் காயவைத்துப் பதப்படுத்திய பைனில் காட்டம் குறைந்திருக்கும் என்றாலும், ஜாடிச் சோதனையில் பிசின் வாசனை வந்தால் அதையும் விடுங்கள்.

அடுத்து உமி. பக்கத்தில் நாமக்கல் இருப்பதால், "கோழிப்பண்ணையில லட்சக்கணக்கான கோழிக்கு உமிதானே போடறாங்க, நமக்கு என்னங்க?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆழ்கூளம் என்று அந்த முறைக்குப் பெயர். உமி, கடலைத்தோல், தென்னை நார்க்கழிவு எல்லாம் அதில் போடுவார்கள். ஆனால் அது பக்கவாட்டில் முழுக்கத் திறந்த, காற்றோடும் கொட்டகை. கூளத்தை அடிக்கடி கிளறிவிட ஆள் உண்டு, ஈரம் ஏறினால் சுண்ணாம்பு போடுவார்கள், கறிக்கோழி ஆறேழு வாரத்தில் வெளியேறிவிடும். நம் வரவேற்பறையில் உள்ள கூண்டுப் பறவை அதே இடத்தில் பத்து, பதினைந்து வருடம் இருக்கப் போகிறது. உமியின் முனை கூர்மை, தூசியும் அதிகம். கடலைத்தோலில் ஈரம் பட்டால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைத் தரும் பூஞ்சை வரும். பண்ணையில் மிஞ்சிய மூட்டை என்று யாராவது கொடுத்தால் கண்டிப்பாக வேண்டாம். ராணிக்கெட் கழிச்சலும் சால்மோனெல்லாவும் அந்த மூட்டையோடு வீட்டுக்குள் வரலாம்.

மக்காச்சோளத் தக்கையைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் நிறைய விளைவதால் உள்ளூரிலேயே உடைத்துத் தருகிறேன் என்றும் சொல்வார்கள். உள்ளூர்த் தக்கையும் அடியில் ஈரம் பிடிக்கும். விழுங்கினால் வயிற்றில் ஊதும்.

கோகோபீட் என்ற தேங்காய் நார்த் தூள், தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகவே போடுவது. செடிக்கு அது நல்லது, கூண்டுக்கு அதே குணம்தான் ஆபத்து. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து வரும் திப்பியைக் காயவைத்துப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். மரவள்ளி மாவுச்சத்து ஒட்டிய நார் அது, ஒரு நாள் ஈரம் பட்டாலே புளித்துப் பூஞ்சை பூக்கும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் காபித் தொலி எளிதாகக் கிடைக்கும். காஃபீன் பறவையின் இதயத்துக்கு விஷம் என்பதால், உரக்குழியைத் தவிர வேறு எங்கும் அதைக் கொட்டாதீர்கள்.

பூனை மணல் வேண்டவே வேண்டாம். கட்டியாகும் களிமண் வகை, பறவையின் இரைப்பையிலும் அதே மாதிரி கட்டியாகும். ஆற்று மணலும் எம் சாண்டும் அப்படித்தான், தூசி வேறு. "பறவைக்குக் கல் மணல் வேண்டுமே" என்பார்கள். புறாவும் காடையும் தானியத்தை முழுசாக விழுங்குவதால் அவற்றுக்குக் கல் வேண்டும். பட்ஜியும் காக்டெயிலும் உமியை உரித்துத் தின்பவை, அவற்றுக்குத் தேவையில்லை. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு தொங்கவிட்டால் போதும்.

நூல் கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊருக்கே உரிய ஆபத்து. அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் தறி இருக்கும் வீடுகளில் நூல் கழிவுக்குப் பஞ்சமில்லை. அம்மாப்பேட்டையில் ஒரு அக்கா பின்ச் வளர்க்கிறார். மெத்தென்று இருக்கட்டும் என்று அந்த நூலைத் தட்டில் பரப்பியிருந்தார். ஒரு பின்ச் காலைத் தூக்கியே வைத்திருக்கிறது என்று காட்டினார். பாலியஸ்டர் இழை ஒன்று விரலைச் சுற்றி இறுகி, அதற்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நூலை அறுத்தோம், விரலைக் காப்பாற்ற முடியவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இழை ஒரே நாளில் இதைச் செய்துவிடும். பஞ்சு, சாக்குத் துணி, டர்க்கி டவல், பச்சை நிறப் பிளாஸ்டிக் புல் விரிப்பு எல்லாமே நகத்தையும் விரலையும் பிடிப்பவைதான்.

செவ்வாய்ப்பேட்டை பக்கம் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், பட்டறையில் விரித்த தாளைக் கூண்டுக்குத் திருப்பிப் போடாதீர்கள். கூண்டும் அந்த அறையில் இருக்க வேண்டாம். வெள்ளியைப் பற்றவைக்கும் உலோகத்தில் துத்தநாகமும் சில சமயம் கேட்மியமும் இருக்கும். அந்தப் பொடியும் புகையும் பறவைக்கு ஆகவே ஆகாது.

நான்காம் படி: தாள்

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவது தாள்தான். தட்டையானது, தூசி இல்லை, பூஞ்சை பிடிக்கும் முன் மாற்றிவிடலாம், விழுங்கும்படி உதிராது, எல்லாவற்றுக்கும் மேலாக எச்சம் அப்படியே தெரியும்.

நாளிதழ் போடலாமா? வலைக்குக் கீழே என்றால் போடலாம், நானும் போடுகிறேன். வலை இல்லாத கூண்டிலும், தாளைக் கிழித்து மெல்லும் பறவைக்கும் வேண்டாம். அச்சு மையில் ஈயம் முதலிய உலோகங்கள் இருக்கலாம் என்பதால் உணவை நாளிதழில் பொட்டலம் கட்டாதீர்கள் என்று 2023-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. நமக்கு வடை மடிக்கக் கூடாது என்றால், முப்பது கிராம் பறவை நாள் முழுக்க மென்று துப்பவும் அது கூடாது. அப்படிப்பட்ட பறவைக்கு அச்சடிக்காத வெள்ளைத் தாள்தான் சரி. அச்சகங்களிலும் தாள் மொத்தக் கடைகளிலும் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் எடைக்குக் கிடைக்கும். தட்டின் அளவைச் சொன்னால் வெட்டியே தருவார்கள். டிஷ்யூ ரோலும் நல்லதுதான், தினம் போட்டால் செலவு கூடும். நோயுற்ற பறவைக்கு மட்டும் நான் அதைப் போடுகிறேன்.

நாளிதழ் எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். பரணில் அந்துருண்டை போட்டுக் கட்டி வைத்த பழைய கட்டு வேண்டாம், அந்த ஆவி தாளில் நிற்கும். எறும்பு மருந்து, பூச்சி மருந்து வைத்த அலமாரியில் விரித்திருந்த தாளும் வேண்டாம்.

வழவழப்பான வார இதழ், காலண்டர், கல்யாணப் பத்திரிகை இவையெல்லாம் உறிஞ்சாது, எச்சம் மேலேயே குளம் கட்டும், காலும் வழுக்கும். கடை பில்லும் ஏ.டி.எம். சீட்டும் வெப்பத்தில் எழுத்து விழும் ரசாயனம் பூசியவை, அவை தட்டில் வரவே கூடாது. நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு இல்லாதது நல்ல தாள். ஆபீஸில் மெஷினில் வெட்டிய தாள் துண்டு வேண்டாம். ஸ்டேப்ளர் பின் இருக்கும், துண்டு துண்டாக இருப்பதால் எச்சமும் மறையும்.

விரிக்கும் விதம் இதுதான். தட்டைவிட ஒரு அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தை மேல்நோக்கி மடித்து விடுங்கள். தட்டின் விளிம்பில் எச்சம் ஒட்டாது. காய்ந்த நாட்களில், மாசியிலிருந்து வைகாசி வரை, ஒரு வாரத்துக்கான தாள்களை மொத்தமாக அடுக்கி, தினமும் காலையில் மேலே உள்ள இரண்டை மட்டும் உருவி எடுக்கலாம். ஈரம் கீழ் அடுக்குக்கு இறங்கியிருந்தால் முழு அடுக்கையும் எறிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் அடுக்கி வைக்காதீர்கள், அன்றன்றைக்கு இரண்டு தாள்தான்.

தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டில் வைக்காமல் கூண்டுக் கம்பியில் உயரத்தில் மாட்டுங்கள். குளிக்கும் தொட்டியை அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், குளியல் முடிந்ததும் தாளையும் மாற்றுங்கள். எறும்பு வந்தால் மருந்துப் பொடியும் சாக்பீஸும் போடாமல், கூண்டு மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாட்டி காலத்துப் பால் அலமாரிக்குச் செய்ததுதான்.

ஐந்தாம் படி: காலையில் தாளைப் படியுங்கள்

தாளை உருவியதும் உடனே சுருட்டாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள்.

நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும். பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் சுருண்ட மலம், அதன் மேல் வெள்ளையாக யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு), சுற்றிலும் லேசாக நிறமில்லாத ஈரம். பட்ஜி ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை எச்சமிடும். எண்ண வேண்டியதில்லை, வழக்கமான அளவு ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். காலையின் முதல் எச்சம் பெரிதாக இருக்கும், முட்டையிடும் பெட்டைக்கு இன்னும் பெரிதாக இருக்கும், பயப்பட வேண்டாம். வெள்ளரிக்காயோ கீரையோ தின்ற நாளில் நீர்த்திருக்கும். பீட்ரூட் தின்றால் சிவக்கும்.

கவலைப்பட வேண்டியவை: வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பளீர் பச்சையாகவோ மாறுவது, தார் மாதிரி கறுப்பாக இருப்பது, ரத்தம், தினை முழுசாக அப்படியே வெளியே வருவது, காயோ கீரையோ போடாத நாளிலும் தண்ணீராகவே போவது. அதோடு எண்ணிக்கை திடீரென்று பாதியாகிவிட்டால், கிண்ணத்தில் உமி நிறைந்திருந்தாலும் பறவை தின்னவில்லை என்று அர்த்தம். உரிப்பது மாதிரி பாவனை செய்துகொண்டே பட்டினி கிடக்கும் பறவைகளைப் பார்த்திருக்கிறேன். தக்கையும் மரத்தூளும் போட்ட கூண்டில் இதில் ஒன்றைக்கூட நீங்கள் பார்க்க முடியாது.

காய்ந்த எச்சத்தைத் தூசி பறக்கச் சுரண்டாதீர்கள். சிட்டகோசிஸ் என்ற கிளிக்காய்ச்சல் அந்தத் தூசி வழியாகத்தான் மனிதருக்கு வரும். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, பிறகு துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

சேலம் நகரத்துக்குச் சொன்ன கணக்கு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் செல்லாது. கீழே நாங்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அங்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும். தாள் கட்டே நமுத்துப் போகும். தாளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருங்கள். பனிக்காலத்திலும் மழையிலும் தட்டைக் காலை, மாலை இரண்டு முறை மாற்றுங்கள். கூண்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், வெளிச்சுவராக இருந்தால் இன்னும் தள்ளி. குளிருக்காகக் கூண்டை முழுக்கப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து விடுங்கள். கணப்புப் புகையும் சாம்பிராணியும் கொசுவர்த்தியும் அந்த அறையில் வேண்டாம். தைல மர இலையைத் தட்டில் போட்டால் பூச்சி வராது என்பது பழக்கமாக இருக்கிறது. மூடிய அறையில் அந்த எண்ணெய் வாசனை பறவைக்கு அதிகம், விட்டுவிடுங்கள்.

பானைக்குள் மட்டும் விதிவிலக்கு

முட்டை வைக்கும் பானையில் வெறும் தாள் போதாது. வழவழப்பான அடியில் குஞ்சுகளின் கால் இரண்டு பக்கமும் விரிந்து, அப்படியே வளர்ந்துவிடும். பிறகு அதால் நிற்க முடியாது. பட்ஜிக்கு உள்ளே குழிவான பானையோ பெட்டியோ வேண்டும். அடியில் ஒரு அங்குலம், தூசியும் வாசனையும் இல்லாத பெரிய இழைப்புச் சுருள் போடலாம். பட்ஜி பாதியை வெளியே தள்ளும், தள்ளட்டும். குஞ்சு பொரித்த பிறகு, ஈரமான சுருளை நான்கைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். குஞ்சுகளை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பின்சுகளுக்குக் காய்ந்த அறுகம்புல்லும், விரல் நீளத்துக்கு வெட்டிய தடித்த தேங்காய் நாரும் கொடுங்கள். நீளமான நாரும் பஞ்சும் வேண்டாம்.

கழுவுவதும் காயவைப்பதும்

வாரம் ஒரு முறை தட்டையும் வலையையும் பாத்திர சோப்பால் கழுவி வெயிலில் வைத்தால் போதும். மாதம் ஒரு முறை, அல்லது பறவை நோயிலிருந்து மீண்டபோது, முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வாசனை முழுக்கப் போகும்வரை காயவையுங்கள். பறவை அப்போது வேறு அறையில் இருக்கட்டும். பிளீச்சோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். பினாயில் வேண்டாம். நாற்றம் வருகிறதென்று வாசனைப் பொடி தூவவும் வேண்டாம். ஈரத்தில் எச்சம் அழுகி அம்மோனியா வருவதுதான் அந்த நாற்றம். தாளை மாற்றினால் அது போய்விடும்.

இதுவரை தக்கையோ தூளோ போட்டவர்கள் தாளுக்கு மாறினால், பறவைகள் இரண்டு நாள் மிரளும். முதல் நாள் பாதித் தட்டுக்கு மட்டும் தாள் விரியுங்கள். அடியில் மின்னுகிற வெள்ளையைப் பார்த்துக் காக்டெயில் இரவில் படபடத்தால், ஒரு சின்ன விடிவிளக்கு போட்டு வையுங்கள்.

டாக்டரிடம் கொண்டுபோகும்போது

வாலாட்டி மூச்சு விடுவது, குரல் மாறுவது, வாயைத் திறந்தே இருப்பது, இறகை உப்பிக்கொண்டு தட்டிலேயே உட்கார்ந்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நகரத்தில் பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் கிடைக்காவிட்டால், தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. சின்னப் பெட்டியில் வெறும் தாள் விரித்தால் ஒவ்வொரு வளைவிலும் தாளும் பறவையும் சேர்ந்து சறுக்கும். அடியில் நூல் பிரியாத பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டாக மடித்து, நான்கு மூலையிலும் செல்லோ டேப்பால் ஒட்டி, அதன் மேல் டிஷ்யூ விரியுங்கள். தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள். வீட்டுத் தட்டில் அன்று காலை எடுத்த தாளையும் மடித்து ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். போய்ச் சேர்ந்ததும் பெட்டியில் இருக்கும் டிஷ்யூவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வழியில் விழுந்த எச்சம்தான் புதியது, அதையும் அப்படியே காட்டுங்கள்.